தாமதமாக வந்த பல்ஸ்

(இறுதியாண்டு, எலக்ட்ரானிக்ஸ் அண்டு கம்யூனிகேஷன்)



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேணும், லினக்ஸ் பத்தி எழுதேன் என்றார் நமது யூனியன் செயலாளர். லினக்ஸ் பற்றி நம்மில் பலர் சொல்வது மூன்றே விஷயம்: இலவசம், வைரஸ் தொல்லை குறைவு, சோர்ஸ் கோடு கிடைக்கும். நானும் இரண்டு வருஷமாக இதையே சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். எங்கள் ப்ராஜெக்ட் சொதப்பிய பிறகுதான் அந்த மூன்றாவது சமாச்சாரத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் பிடிபட்டது. ஆகவே சொதப்பலில் இருந்தே ஆரம்பிக்கிறேன்.

நாங்கள் நாலு பேர் சேர்ந்து செய்தது, பி.சி.பி. போர்டில் துளை போடும் ஒரு டேபிள். எக்ஸ், ஒய் என்று இரண்டு திசைக்கும் ஆளுக்கொரு ஸ்டெப்பர் மோட்டார், ஆளுக்கொரு லீட் ஸ்க்ரூ. கம்ப்யூட்டர் போர்டைச் சரியான இடத்துக்கு நகர்த்தி நிறுத்தும். டிரில்லைக் கையால் இறக்க வேண்டும். கையளவு இருக்கும் ஒரு சின்ன போர்டு கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, பைத்தானில் நிரல் எழுதி, அதன் பின்களில் இருந்தே மோட்டார் டிரைவருக்கு பல்ஸ் கொடுத்தோம். முதல் நாள் டேபிள் அழகாக ஓடியது. கைதட்டல் எல்லாம் கிடைத்தது.

மறுநாள் ஒரு 16 கால் ஐ.சி.க்குத் துளை போட்டோம். கால்களுக்கு நடுவே 2.54 மி.மீ. இருக்க வேண்டும். முதல் மூன்று துளை சரி. நாலாவதில் இருந்து கால் உள்ளே போக மாட்டேன் என்கிறது. ரிவ்யூவுக்கு இன்னும் ஒன்பது நாள்தான்.

எலக்ட்ரானிக்ஸ்காரன் குற்றம் சொல்வதற்கு எப்போதும் ஒரு மெக்கானிக்கல்காரன் இருக்கிறான். ஸ்க்ரூவில் பேக்லாஷ் இருக்கு, அதான் என்று முடிவு கட்டி, ஸ்க்ரூ செய்து கொடுத்த நண்பர்களிடம் சண்டைக்கே போய்விட்டோம். ஒர்க்ஷாப் இன்ஸ்ட்ரக்டர் நடுவில் வந்தார்.

"தம்பி, பேக்லாஷ்னா திசை மாறும்போதுதான் தெரியும். உங்க டேபிள் ஒரே பக்கமா போறப்பவே தப்பு பண்ணுது. மொதல்ல எவ்வளவு தப்புன்னு அளங்க. அப்புறம் யார் தப்புன்னு பேசலாம்."

டிஜிட்டல் வெர்னியரை எடுத்து அளந்தோம். ஒரு போர்டில் 0.15 மி.மீ. தள்ளி இருந்தது. இன்னொன்றில் 0.33. மூன்றாவதில் 0.47. கன்னாபின்னா என்று தெரிந்தாலும் உற்றுப் பார்த்தால் எல்லாம் கிட்டத்தட்ட 0.16-ன் மடங்கு! இங்கேதான் எங்களுக்குத் துப்பு கிடைத்தது.

கணக்கைப் பாருங்கள். மோட்டார் ஒரு ஸ்டெப்புக்கு 1.8 டிகிரி, ஆக ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப். டிரைவர் ஒவ்வொரு ஸ்டெப்பையும் எட்டாகப் பிரிக்கிறது. அப்போது சுற்றுக்கு 1600 பல்ஸ். ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. நகரும். அப்படியானால் ஒரு பல்ஸ் என்பது 0.005 மி.மீ. ஒன்றிரண்டு பல்ஸ் காணாமல் போயிருந்தால் வெர்னியருக்குத் தெரியக்கூடத் தெரியாது. 0.16 மி.மீ. என்றால் 32 பல்ஸ், அதாவது முழுசாக நாலு ஸ்டெப். மோட்டார் காயில்களில் கரண்ட் மாறும் முறை நாலு ஸ்டெப்புக்கு ஒருமுறை திரும்பவும் முதலில் இருந்து வரும். ரோட்டார் பிடி நழுவினால் பாதியில் நிற்காது. அடுத்த பல்லில் போய் உட்காரும். அந்த ஒரு தாவல்தான் 0.16 மி.மீ. ஸ்க்ரூ நிரபராதி. மோட்டார் பல் தாவியிருக்கிறது.

ஏன் தாவ வேண்டும்? செகண்டுக்கு இரண்டு சுற்று ஓட்டினோம். அதற்கு செகண்டுக்கு 3200 பல்ஸ் வேண்டும். அதாவது சுமார் 312 மைக்ரோ செகண்டுக்கு ஒன்று. நடுவில் கம்ப்யூட்டர் வேறு வேலையாக ஒரு 10 மில்லி செகண்ட் அந்தப் பக்கம் போய்விட்டால்? நமக்கு அது கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. மோட்டாருக்கோ 32 பல்ஸ் நேரம். ஓடிக்கொண்டிருந்த ரோட்டார் நின்றுவிடும். உடனே திரும்பி வந்த கம்ப்யூட்டர், எதுவுமே நடக்காதது போல, முழு வேகத்தில் பல்ஸை அனுப்புகிறது. நின்றுகொண்டிருப்பவனை ஓடுகிற பஸ்ஸில் ஏறு என்றால் என்ன ஆகும், அதுதான் ஆனது. கிளம்பும்போது மெதுவாகக் கிளம்பி வேகம் பிடிக்க வேண்டும் என்று நிரலில் எழுதித்தான் இருந்தோம். நடுவழியில் நின்று கிளம்பும் என்று யார் கண்டார்கள்? பல்ஸ் ஒன்றுகூடக் குறையவில்லை. எல்லாம் போய்ச் சேர்ந்தன, நேரம் தவறி. திரும்பத் தகவல் சொல்ல சென்சார் எதுவும் இல்லாததால் கம்ப்யூட்டர் கணக்கில் எல்லாம் சரி. போர்டில்தான் தப்பு.

சரி, கம்ப்யூட்டர் அப்படி எங்கே போனது? விசாரித்ததில் தெரிந்தது: டேபிள் ஓடும்போது எங்கள் டீமில் ஒருவன் அதே கம்ப்யூட்டரில் பென் டிரைவைச் செருகிப் படம் காப்பி பண்ணிக்கொண்டிருந்தான். "ஒரு படம்தானேடா!" என்றான். ஆனால் அவனைத் திட்டிப் பிரயோஜனமில்லை. சாதாரண ஆபரேட்டிங் சிஸ்டத்தின் தர்மமே எல்லோருக்கும் பங்கு போட்டுக் கொடுப்பதுதான். ஹாஸ்டல் மெஸ் மாதிரி என்று வையுங்கள். ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் சாப்பிட்டுப் போனார்கள் என்பதுதான் மெஸ் மேனேஜர் பார்க்கும் கணக்கு. யாரோ ஒருவன் கால் மணி நேரம் நின்றால் அது கணக்கிலேயே வராது. மோட்டாருக்கோ அந்த ஒருவனின் கால் மணி நேரம்தான் முக்கியம். சராசரி எவ்வளவு என்று கேட்காமல், மிக மோசமான தாமதம் எவ்வளவு என்று கேட்பதற்குத்தான் ரியல் டைம் என்று பெயர். ரியல் டைம் என்றால் ரொம்ப வேகம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சொன்ன நேரத்துக்கு வர வேண்டும், அவ்வளவுதான்.

இது மோட்டார் ஓட்டுகிறவர்களின் தலைவலி மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். விஞ்ஞானக் கணக்குப் போடும் ராட்சச கம்ப்யூட்டர்களுக்கும் இதே வியாதி உண்டு. அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் ஆஸ்கி க்யூ என்று ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் இருந்தது. 8192 ப்ராசஸர். அதில் ஒரு பெரிய இயற்பியல் நிரல், கணக்குப்படி ஓட வேண்டிய வேகத்தில் பாதிதான் ஓடியது. அங்கிருந்த பெட்ரினி, கெர்பைசன், பாக்கின் ஆகிய மூவரும் காரணத்தைத் துருவி 2003-ல் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ப்ராசஸர்களும் சரி, நெட்வொர்க்கும் சரி. ஒவ்வொரு இயந்திரத்திலும் ஆபரேட்டிங் சிஸ்டம் பின்னணியில் செய்துகொண்டிருந்த சில்லறை வேலைகள்தான் குற்றவாளி. ஒரு கட்டம் முடிந்து அடுத்த கட்டத்துக்குப் போக எல்லா ப்ராசஸரும் ஒன்றாக வந்து சேர வேண்டும். ஒருத்தன் லேட் என்றால் மற்ற எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஆயிரக்கணக்கில் இருக்கும்போது ஒவ்வொரு முறையும் யாராவது ஒருத்தன் லேட்டாகத்தானே இருப்பான்! வேடிக்கை என்னவென்றால், ஒரு இயந்திரத்தில் இருந்த நாலு ப்ராசஸரில் மூன்றை மட்டும் கணக்குக்குக் கொடுத்து ஒன்றைச் சும்மா விட்டபோது வேலை இன்னும் சீக்கிரம் முடிந்தது. சில்லறை வேலையை அந்த நாலாவது ஆள் பார்த்துக்கொண்டான். தேவையில்லாத பின்னணி வேலைகளை ஒழித்ததும், நிரலில் ஒரு வரிகூட மாற்றாமல் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கானது.

ஆஸ்கி க்யூவில் ஓடியது லினக்ஸ் அல்ல. ட்ரூ64 என்ற யூனிக்ஸ். ஆனால் விஞ்ஞானிகள் லினக்ஸ் பக்கம் சாய்ந்த கதை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1994-ல் நாசாவின் காடர்ட் மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்ட் பெக்கர் இருவரும் கடையில் கிடைக்கும் 486 டி.எக்ஸ்.4 ப்ராசஸர் பதினாறை சாதாரண ஈதர்நெட் கேபிளால் இணைத்து பியோவுல்ஃப் என்ற கூட்டுக் கம்ப்யூட்டரைச் செய்தார்கள். 10 மெகாபிட் ஈதர்நெட் அவர்களுக்குப் போதவில்லை. ஆகவே இரண்டு கார்டுகளைச் சேர்த்து ஒரே பாதை போல ஓட்டினார்கள். ஈதர்நெட் டிரைவர்களை எழுதுவதில் கைதேர்ந்தவர் பெக்கர். லினக்ஸின் உள்ளே கை வைக்க அவர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. 2017 நவம்பரில் வந்த உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர் பட்டியலில் ஐந்நூறிலும் லினக்ஸ். (நம்ம ஊர் லேப்டாப்புக்கும் இதில் ஒரு பங்கு உண்டு: தமிழக அரசு கொடுத்த லேப்டாப்புகளில் விண்டோஸுடன் கூடவே வந்த பாஸ் லினக்ஸ், சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கியது. அண்ணன், அக்காவிடம் பழசு இருந்தால் வாங்கிப் பாருங்கள்.)

மோட்டாருக்கு வருவோம். எல்லோருக்கும் பங்கு போடும் லினக்ஸை நேரம் தவறாத லினக்ஸ் ஆக்குவது எப்படி? முதல் வழியைக் காட்டியவர்கள் நியூ மெக்சிகோ டெக் கல்லூரியின் விக்டர் யோடைக்கனும் அவருடைய மாணவர் மைக்கேல் பாரபனோவும். பாரபனோவின் முதுநிலை ஆய்வேடு 1997-ல் வந்தது. யோசனை படு சுலபம், ஆனால் தைரியம் வேண்டும். லினக்ஸுக்கு அடியில் குட்டியாக இன்னொரு கெர்னல். இன்டரப்ட் எல்லாம் முதலில் அதற்குத்தான் வரும். அவசர வேலைகளை அது முடிக்கும். செய்ய ஒன்றும் இல்லாதபோது மட்டும் "சரி, நீ ஓடு" என்று முழு லினக்ஸையும் ஒரு சாதாரண வேலையாக ஓடவிடும். தான் ஏமாற்றப்படுவது லினக்ஸுக்கே தெரியாது! இதுதான் ஆர்.டி.லினக்ஸ். யோடைக்கன் இந்த முறைக்கு 1999-ல் காப்புரிமை வாங்கியது பலருக்குக் கசந்தது. இத்தாலியில் மிலான் பாலிடெக்னிக்கைச் சேர்ந்த பாவ்லோ மான்டெகாட்சா தலைமையில் ஆர்.டி.ஏ.ஐ. என்று இன்னொரு வடிவம் வளர்ந்தது. (பெயர்தான் பாலிடெக்னிக். அது பெரிய பல்கலைக்கழகம், ஏமாந்துவிடாதீர்கள்.)

இரண்டாவது வழி ஏமாற்று வேலை இல்லாமல் லினக்ஸையே திருத்துவது. இதில்தான் இருபது வருஷம் போனது. விஷயம் புரிய, பூட்டும் சாவியும் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஸ்டோர் ரூம் சாவி ஒன்றுதான். அதை வாங்கிக்கொண்டு ஒரு முதலாமாண்டு தம்பி உள்ளே போயிருக்கிறான். ஹெச்.ஓ.டி. அவசரமாக வந்து சாவிக்காக நிற்கிறார். தம்பியும் வேலையை முடித்துவிட்டான். ஆனால் வெளியே வர முடியவில்லை. வராந்தா முழுக்க மூன்றாமாண்டு அண்ணன்கள் அரட்டை அடித்துக்கொண்டு நிற்கிறார்கள். சீனியரை விலகச் சொல்ல ஜூனியருக்கு தைரியம் ஏது? விளைவு: சாவிக்குச் சம்பந்தமே இல்லாத அண்ணன்களால், கல்லூரியிலேயே பெரிய ஆள் காத்துக் கிடக்கிறார். இதற்கு ப்ரயாரிட்டி இன்வர்ஷன் என்று பெயர்.

இது செவ்வாய் கிரகத்திலேயே நடந்தது. 1997 ஜூலை 4-ல் இறங்கிய மார்ஸ் பாத்ஃபைண்டரின் கம்ப்யூட்டர் சில நாளில் தானாக ரீசெட் ஆக ஆரம்பித்தது. வானிலைத் தகவல் சேகரிக்கும் சின்ன வேலை ஒரு பூட்டை வைத்திருந்தது. தகவல் பாதையை நிர்வகிக்கும் பெரிய வேலை அந்தப் பூட்டுக்காகக் காத்திருந்தது. நடுத்தர வேலைகள் நடுவில் புகுந்து நேரத்தைத் தின்றன. பெரிய வேலை குறித்த நேரத்தில் முடியாததைப் பார்த்து, காவல் டைமர் எல்லாவற்றையும் ரீசெட் செய்தது. பூமியில் இருந்த நகல் கம்ப்யூட்டரில் அதே கோளாறை வரவழைத்துக் காரணத்தைப் பிடித்தார்கள். மருந்து என்ன? ப்ரயாரிட்டி இன்ஹெரிட்டன்ஸ். ஹெச்.ஓ.டி. சாவிக்கு நிற்கத் தொடங்கிய அந்தக் கணமே தம்பிக்கு ஹெச்.ஓ.டி.யின் அந்தஸ்து; சாவியைத் திருப்பிக் கொடுக்கும் வரை. "வழி விடுங்கண்ணே, ஹெச்.ஓ.டி. நிக்கிறார்!" விண்கலத்தில் ஓடிய விஎக்ஸ்வொர்க்ஸ் சிஸ்டத்தில் இந்த வசதி முன்பே இருந்தது. அந்தப் பூட்டுக்கு மட்டும் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பூமியில் இருந்தே அதைப் போட்டுவிட்டார்கள்.

லினக்ஸ் கெர்னலுக்குள் இப்படிப்பட்ட பூட்டுகள் ஆயிரக்கணக்கில். அவற்றில் பெரும்பாலானவற்றை, காத்திருக்கும்போது வேறு அவசர வேலையை உள்ளே விடும் பூட்டுகளாக, இன்ஹெரிட்டன்ஸ் உள்ளவையாக மாற்றுவதும், இன்டரப்ட் வேலைகளையும் வரிசையில் நிற்க வைப்பதும்தான் பிரீஎம்ப்ட் ஆர்.டி. என்ற திருத்தம். இங்கோ மோல்நார், தாமஸ் க்ளைக்ஸ்னர் போன்றவர்கள் 2000-களின் நடுவில் தொடங்கினார்கள். துண்டு துண்டாக மெயின் லினக்ஸில் சேர்ந்துகொண்டே வந்தது. கடைசியில் வழிமறித்து நின்றது எது தெரியுமா? திரையில் செய்தி அச்சிடும் பகுதி! நாம் முதல் செமஸ்டரில் எழுதும் பிரிண்ட் சமாச்சாரத்தின் கெர்னல் வடிவம். அது சரியான பிறகு, 2024 செப்டம்பரில் வியன்னாவில் நடந்த மாநாட்டில், சேர்க்கச் சொல்லும் கோரிக்கையைக் காகிதத்தில் அச்சடித்து தங்க நிறத் தாளில் சுற்றி லினஸ் டோர்வால்ட்ஸிடம் கொடுத்தார் க்ளைக்ஸ்னர். அந்த வருஷம் நவம்பரில் வந்த 6.12 பதிப்பில் அது இருக்கிறது.

நாங்களும் ரியல் டைம் கெர்னல் போட்டோம். பைத்தானை விட்டு சி-யில் திருப்பி எழுதி, எங்கள் நிரலுக்கு முதல் முன்னுரிமை கொடுத்தோம். அன்று முழுக்க ஒரு தாவல் இல்லை. பென் டிரைவ் நண்பனை அழைத்து வேண்டுமென்றே காப்பி பண்ணச் சொன்னோம். அப்போதும் இல்லை.

இதே வழியில் லேத், மில்லிங் மெஷினையே ஓட்டும் மென்பொருள் ஒன்று உண்டு: லினக்ஸ் சி.என்.சி. அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட்டில் இ.எம்.சி. என்ற பெயரில் பிறந்தது. அரசாங்க வேலை என்பதால் பொதுச்சொத்தாக வெளிவந்தது. பிறகு உலகமெங்கும் உள்ள மெஷின் பிரியர்கள் எடுத்து வளர்த்தார்கள். அதே எழுத்துக்களைப் பெயராகக் கொண்ட ஒரு கம்பெனியால் 2011-ல் பெயர் மாறிற்று. மெக்கானிக்கல் நண்பர்கள் இதில் உள்ள லேட்டன்சி டெஸ்ட்டைக் கட்டாயம் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டும்போது கம்ப்யூட்டரைச் சும்மா விடாதீர்கள். வீடியோ போடுங்கள், பெரிய ஃபைலைக் காப்பி பண்ணுங்கள், ஜன்னல்களை இழுத்து ஆட்டுங்கள். அப்போதும் மோசமான தாமதம் 20 மைக்ரோ செகண்டுக்குள் இருந்தால் அருமை. 30, 50 என்றால் பரவாயில்லை. 100-ஐத் தாண்டினால் அந்த கம்ப்யூட்டர் நேரடியாக பல்ஸ் கொடுக்க லாயக்கில்லை. புதுசா, விலை அதிகமா என்பதெல்லாம் இங்கே செல்லாது. புத்தம்புது லேப்டாப் தோற்று, மூலையில் கிடக்கும் பழைய பி.சி. ஜெயிக்கலாம்.

ஆனால் எங்கள் கைடு சார் கேட்ட கேள்வி வேறு. "ரெண்டு மோட்டாருக்கு பல்ஸ் கொடுக்க இவ்வளவு பெரிய ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புடிச்சு இழுக்கணுமாப்பா?"

நியாயமான கேள்வி. 2021 ஏப்ரல் 19-ல் செவ்வாயில் பறந்த இன்ஜெனுயிட்டி ஹெலிகாப்டரிலும் லினக்ஸ்தான். ஐந்து முறை பறந்தால் போதும் என்று அனுப்பப்பட்டது, 2024 ஜனவரி வரை 72 முறை பறந்தது. ஆனால் லினக்ஸ் பார்த்தது கேமரா படங்களை அலசி எங்கே இருக்கிறோம் என்று கண்டுபிடிக்கும் வேலையை. செகண்டுக்கு நூற்றுக்கணக்கான முறை தவறாமல் செய்ய வேண்டிய பறக்கும் கட்டுப்பாடு, தனி மைக்ரோ கன்ட்ரோலரிடமும் எஃப்.பி.ஜி.ஏ.விடமும் இருந்தது. யோசிக்கிறவன் ஒருத்தன், தாளம் தட்டுகிறவன் ஒருத்தன்.

நாங்களும் அப்படியே பிரித்தோம். இரண்டாமாண்டில் வாங்கி அலமாரியில் தூங்கிய ஆர்டுவினோ யூனோவை எடுத்தோம். அதற்கென்றே ஜிஆர்பிஎல் என்று ஒரு ஓப்பன் சோர்ஸ் நிரல் இருக்கிறது. 2009-ல் சிமன் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ரூட் என்பவர் தொடங்கியது. லினக்ஸ் பக்கத்தில் இருந்து, இந்த இடத்துக்குப் போ என்ற கட்டளை மட்டும் சீரியல் கேபிளில் போகும். பல்ஸ் கணக்கு யூனோவின் டைமர் பாடு. செகண்டுக்கு 30,000 பல்ஸ் வரை பிசகாமல் தரும் என்கிறார்கள்; எங்களுக்குத் தேவை 3200. மி.மீ.க்கு 200 பல்ஸ் என்ற எண்ணையும், வேகம் பிடிக்கும் அளவையும் மாற்றினோம். இவ்வளவுதான் எங்கள் வேலை.

இங்கேதான் எனக்கு உதறல். நாம் எழுதாத நிரலை வைத்து வைவாவில் எப்படி நிற்பது? இரண்டு ராத்திரி உட்கார்ந்து, அதில் ஸ்டெப்பர் என்ற ஃபைலை வரிவரியாகப் படித்தோம். எழுதியவர்கள் நடுவிலேயே நீளநீளமாக விளக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் டெக்ஸ்ட் புக்கைவிடத் தெளிவு. வந்த எக்ஸ்டெர்னல் அதைத்தான் கேட்டார்.

"சாஃப்ட்வேர் நீங்க எழுதினதா?"

"இல்ல சார். ஆனா பல்ஸ் எந்த வரியில கிளம்புதுன்னு காட்டுறோம்."

காட்டினோம். முதல் டைமரின் இன்டரப்ட் வந்து பின் உயர்வதை, இன்னொரு டைமர் அதை இறக்குவதை, அவர் ஆஸிலோஸ்கோப்பில் பார்த்துவிட்டு, "பென் டிரைவ் போடுங்க பார்க்கலாம்" என்று சிரித்தார். போட்டோம். அலை அசையவில்லை. துளை போட்ட போர்டில் 16 காலும் அழுத்தாமலேயே இறங்கி உட்கார்ந்தன.

டேபிள் இப்போதும் நம் ப்ராஜெக்ட் லேபில் ஜன்னலோர மேஜையில் இருக்கிறது. வேகத்தை நிமிஷத்துக்கு 960 மி.மீ.க்கு மேல் ஏற்றாதீர்கள். நாங்கள் சோதித்தது அதுவரைக்கும்தான். லிமிட் ஸ்விட்ச் இல்லை, டிரில் இறக்க மூன்றாவது மோட்டாரும் இல்லை. இரண்டாமாண்டு தம்பி தங்கைகள் யாராவது எடுத்துச் செய்யலாம். ஸ்க்ரூவுக்கு மாதம் ஒருமுறை எண்ணெய் போட மெக்கானிக்கல் நண்பர்களைக் கூப்பிடுங்கள். அன்று நாங்கள் பேசிய பேச்சுக்கு அவர்களுக்கு ஆளுக்கொரு டீ இன்னும் பாக்கி.